சொல்தா வண்டிக்கு ஒரு கூரை

1957, மாசி மகம். இடம்: புதுச்சேரி, வைத்திக்குப்பம் கடற்கரை. காலையில் வெளிர்நீலப் பிக்கப் வண்டி ஒன்று தீர்த்தவாரிக் கூட்டத்துக்குள் வந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரர். பின்தட்டில் அவர் மனைவி படுத்திருந்தார். துணைக்கு இன்னொரு பெண் அமர்ந்திருந்தாள். தட்டின் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. கடலோரத்தில் துணி விலகியது. சிலர் அலறினர். ஒருவருக்கும் காயமில்லை.

பதிவுக்குரியவை இவ்வளவே. இனி, சொல்தாவைப் பற்றி.

உலகில் எந்தக் கூரையையும் விலை பேசும் முன் அதனடியில் மல்லாந்து படுத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தெருச் சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பியவர்களையெல்லாம் எங்கள் ஊர் சொல்தா என்றே அழைக்கும். ஆயினும் எங்கள் தெருவில் அந்தச் சொல் அவர் ஒருவருக்கே உரியது. சைகோனில் ராணுவ லாரி ஓட்டியவர். மீசைக்கு மெழுகு போடாமல் வாசலுக்கு வரமாட்டார். எதிரே மாடு வந்தாலும் கை தானாக நெற்றிக்குப் போகும். மாடுகளும் அவரிடம் சற்று மரியாதையாகவே நடந்துகொண்டன என்று என் மனைவி சொல்வாள்.

அவர் மனைவியை நாங்கள் அம்மா என்போம். கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்த நாள் முதல் படுக்கையில் இருந்தவர். உட்கார இயலாது, வெயில் பட்டால் மயக்கம் வரும். நாக்குக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே: மாசி மகத்துக்குக் கடலாட வரும் தம் பிறந்த ஊர்ப் பெருமாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

"வருஷா வருஷம் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாரு. இங்க இருக்கற நான் போவல. கோவிச்சுக்க மாட்டாரா?" என்பார்.

அதற்காகத்தான் சொல்தா வண்டி வாங்கினார். ஊரை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று விற்றுச் சென்ற வண்டி. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் திறந்த தட்டு. தட்டில் மெத்தை போட்டாயிற்று. மேலே எதைப் போடுவது என்ற கேள்வியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் கழிந்தன.

முதலில் தார்ப்பாய். கடையில் அதை விரிக்கச் சொல்லி, இரண்டு பெஞ்சுகளுக்கு இடையே கட்டச் செய்து, அதனடியில் தரையில் படுத்துவிட்டார்.

"சொல்தா, இது கடையா, ஆஸ்பத்திரியா? எழுந்திருங்க, கிராக்கி வருது!" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

"சத்தம் போடாதேய்யா. உள்ள எவ்ளோ இருட்டுன்னு பாக்கறேன்."

வாங்கிவந்த பாயை அம்மா ஒரு முறை முகர்ந்தார். "தார் நாத்தம் குடலைப் புடுங்குது. நான் இன்னா கருவாடா, மூட்டை கட்டி எடுத்துனு போவ?"

அடுத்தது தகரம். கொல்லனை வைத்து வளைத்துப் பொருத்தி, உச்சி வெயிலில் உள்ளே புகுந்து படுத்தார். வெளியே வந்தபோது மீசை மெழுகு உருகி உதட்டில் வழிந்திருந்தது. அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள நாலு இட்லி வெச்சுப் பாருங்க. வெந்துதுன்னா நான் அப்புறமா வர்றேன்."

மூன்றாவதுதான் கீற்று. குளிர்ச்சி, காற்றோட்டம், செலவில்லை. வீட்டுத் தென்னையிலிருந்து பச்சை ஓலை வெட்டி, சொல்தா தம் கையாலேயே முடைந்து, மூங்கில் வளைத்துக் கட்டினார். அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. தை மாதத்தில் ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டார்கள். அம்மா தட்டில் படுத்துக்கொண்டார். துணைக்கு என் மனைவி ஏறினாள். நான் முன்னால் சொல்தாவின் பக்கத்தில்.

முதல் முனையிலேயே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். பெட்டிக்கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார். எதிர்ச் சாரியில் இன்னொரு சொல்தா விறைத்து நின்று சல்யூட் வைத்தார். நம்மவரும் பெருமிதத்துடன் பதிலுக்கு வைத்தார்.

"பாத்தீங்களா வாத்தியாரே! வண்டிக்கு இன்னா மரியாதை!"

எனக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கிய வேளையில், பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் வண்டியோடு ஓடிவந்தார். "சொல்தா, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? ஆளுங்க ரெடியா இருக்காங்களே!"

பச்சை ஓலையை அப்படி முடைந்து எங்கள் ஊரில் வேறு எதற்குக் கட்டுவார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பின்னால் குடத்தோடு நின்ற பெண் ஒருத்தி உச்சுக்கொட்டுவது கேட்டது. "ஐயோ பாவம், சொல்தா சம்சாரம் பூட்டாங்களா! இன்னா வயசு இருக்கும்?"

ஓலைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்பத்தெட்டு! இன்னும் போவல!"

குடம் உடைந்த ஓசையை மட்டும் என்னால் இன்றும் மிகைப்படுத்தாமல் நினைவுகூர முடிகிறது.

வீடு திரும்பியதும் சொல்தா ஓலையைப் பிய்த்தெறிந்தார். திண்டில் தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மனைவியின் கட்டிலருகே, தரையில் அமர்ந்துவிட்டார். "என் கையாலயே உனக்குப் பாடை கட்டிட்டேனே. வேணாம். வண்டியை வித்துடறேன்."

"நல்லாத்தான் கட்டியிருந்தீங்க. காத்து வந்துது," என்றார் அம்மா. பிறகு சிரிப்பு அடங்கியது. "மாசி மகம் வந்துடுச்சு. இந்த வருஷம் உட்டா, அடுத்த வருஷம் நான் இருக்கறனோ இல்லியோ. மேல எதைப் போட்டா இன்னா? நீங்க மூடினா நான் பொணம். நானே மூடினா அது கூரை. தொறந்து மூடற கயிறு மட்டும் என் கையில இருக்கட்டும்."

நாங்கள் யாரும் மூன்று மாதமாகக் கேட்காத கேள்விக்கு அது விடை.

மறுநாளே சொல்தா தேங்காய்த்திட்டுக்குப் போய், படகின் பழைய வெள்ளைப் பாய்த்துணியை மணலில் விரித்து, வழக்கம்போல் அடியில் படுத்துப் பார்த்து வாங்கிவந்தார். வளைவுக் கம்பிகளில் வளையங்கள் ஓட, துணி திரைபோல முன்னும் பின்னும் நகர்ந்தது. கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு. அதை அம்மா கையில் கொடுத்தபோது, சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல் இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் எள் விழ இடமில்லை. வண்டி நகரவில்லை. சொல்தா ஹாரன் அடித்தார், பிரெஞ்சில் திட்டினார், ஒருவரும் திரும்பவில்லை. தட்டில் அம்மாவுக்குத் துணையாக என் மனைவி இருந்தாள். நான் இறங்கி வண்டியோடு நடந்துகொண்டிருந்தேன். தூரத்தில் பெருமாளின் குடை தெரிந்தது. அது கடலை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரே, வழி உடறாங்களா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

துணி சரசரவென்று மூடிக்கொண்டது. உள்ளிருந்து உத்தரவு வந்தது: "ஏங்க, தொப்பியைக் கழட்டுங்க. ஹாரன் அடிக்காம மெதுவா ஓட்டுங்க."

சொல்தாவுக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது. "சாமி வர்ற எடத்துலயாடி?"

"நான் உசிரோட இருக்கறது சாமிக்குத் தெரியும். இவங்களுக்குத்தான் தெரியாது. ஓட்டுங்க."

தொப்பி இறங்கியது. நடிப்பதற்கு அவசியமே இல்லாமல் அவர் கண்கள் கலங்கியிருந்தன. கூட்டம் வண்டியைத் திரும்பிப் பார்த்தது. வெள்ளைத் துணியைப் பார்த்தது. "நல்ல நாளும் அதுவுமா இந்த வழியாவா கொண்டார்றது!" என்று வைதபடியே, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விலகியது. வண்டி அலை வரைக்கும் போயிற்று.

பெருமாள் தோள்களில் அசைந்து வந்தார். படுத்திருப்பவர் பார்ப்பதற்கு அதைவிடச் சரியான உயரம் இல்லை. கயிறு இழுபட்டது, துணி விலகியது, இரண்டு கைகள் மேலே குவிந்தன.

"பொணம் கும்புடுது!" என்று ஒருவர் அலற, முன்வரிசை கடலுக்குள்ளேயே ஓடியது. அம்மாவின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. பல்லக்குத் தூக்கி வந்தவர்களில் ஒரு முதியவர் உற்றுப் பார்த்தார். "ஏய், நம்ம ஊருப் பொண்ணுடா," என்றார். பல்லக்கு அந்த இடத்தில் சற்று நின்றது. அம்மா குவித்த கைகளுக்குள் கயிறு அப்படியே இருந்தது.

அதன் பின் அம்மா ஊரைச் சுற்றினார். மீன் ஏலம், கடற்கரைச் சாலை, பொங்கல் சந்தை எதையும் விடவில்லை. துணியை விலக்கி எல்லோருக்கும் கையசைப்பார். ஊரும் கையசைக்கப் பழகிக்கொண்டது.

1961-இல் அம்மா இறந்தார். கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு அந்த வண்டியில்தான் எடுத்துச் சென்றோம். மூடச் சொன்ன உறவினர்களின் பேச்சைச் சொல்தா கேட்கவில்லை. துணியை முழுவதும் திறந்துவைத்து, கயிற்றை அம்மாவின் விரல்களில் சுற்றினார். அதனால் வழியில் யாருக்கும் அது என்ன ஊர்வலம் என்று தெரியவில்லை. சைக்கிள்கள் குறுக்கே போயின. மாட்டு வண்டிகள் முந்தின. யாரும் வழி விடவில்லை. சிலர் கையசைத்தார்கள். சொல்தா ஒவ்வொருவருக்கும் அம்மாவுக்குப் பதிலாகக் கையசைத்துக்கொண்டே ஓட்டினார்.

செய்யாமல் விட்டவை:

கயிற்று நுனியில் போட்ட அந்த முடிச்சை, சொல்தா இருந்தபோதே கேட்டுக் கற்றுக்கொள்வது.

என் மனைவியை மறுபடி ஒரு மாசி மகத்துக்கு அழைத்துப் போவது. அடுத்த ஆண்டு என்று சொல்லியிருந்தேன்.

அவள் போனபின் மூடியே கிடக்கும் அவள் அறைச் சன்னலின் திரையை விலக்குவது.