மெஷின்தான் சரியில்லை

உலகில் ஓர் இனம் உண்டு. எண் சாதகமாக வந்தால் "என் கைராசி" என்பார்கள். கொஞ்சம் சரிந்தால் "மெஷின் சரியில்லை" என்பார்கள். ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எங்கள் குவாயாகில் நகரில் அவர்களுக்குத் தலைவர், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இதய டாக்டர் எவாரிஸ்தோ மொரேய்ரா.

கை என்னவோ தங்கக் கை. தொடை வழியே நுழைத்த மெல்லிய குழாயை இதயம்வரை ஓட்டிப்போய், முனையிலுள்ள பலூனை ஊதி, இறுகிப்போன வால்வைத் திறந்துவிடுவார். ஆனால் பெட்ரோல் முள் "காலி" என்றால் நம்பமாட்டார். சுரங்கப்பாதை நடுவே காரைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, அப்போதும் முள்ளையே திட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

அப்படிப்பட்டவர் முன்னால், குழந்தையின் மூளைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர் வழியே கண்டு எண்ணாகச் சொல்லும் கருவியை வைத்தால் என்ன ஆகும்?

நாலு வயது மைலின் ஆபரேஷன் மேஜைமேல் மயக்கத்தில் இருந்தாள். பலூனை ஊதியதும் எண் சரிந்தது. பலூன் ரத்தத்தை அடைப்பதால் எல்லாக் குழந்தைக்கும் சரியும். பலூன் சுருங்கியதும் ஏறிவிடும். இவளுக்கு ஏறவில்லை.

"மெஷின் சரியில்ல. ரெண்டாவது தடவை ஊதறேன்" என்றார் எவாரிஸ்தோ.

"ஊதினா கையை ஒடைச்சிடுவேன்" என்றார் மயக்க மருந்து டாக்டர் ஒஃபேலியா. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு.

"வேர்வைல ஸ்டிக்கர் வழுக்கியிருக்கும்."

"ஏசி குளிர்ல நான் ஸ்வெட்டரோட நிக்கிறேன். வேர்வையாம்!"

"அப்போ ஒயரு."

பேசிப் பயனில்லை. ஒஃபேலியா ஒரு கையால் ஆக்சிஜனைக் கூட்டினார்; மறு கையால் கருவியின் இன்னொரு ஸ்டிக்கரைப் பிரித்து எவாரிஸ்தோவின் நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் ஒட்டினார். திரையில் அருமையான எண்.

"பாத்தியா! என் மூளைக்கு ரத்தம் கொறையுமா?"

"அப்போ மெஷின் நல்லா இருக்கா?"

"முதல் தரம்!"

"அப்போ பாப்பாவோட எண்ணு?"

 எவாரிஸ்தோ அப்போதுதான் திரையை விட்டுக் குழந்தையைப் பார்த்தார்; துணியை விலக்கினார். எக்ஸ்ரே கருவியைச் சற்று முன் திருப்பியபோது அது இடித்து, துணிக்கடியில் அவள் தலை ஒருக்களித்து மடங்கி, கழுத்து ரத்தக்குழாய் நசுங்கியிருந்தது. "அய்யோ, என் கண்ணே!" என்று பதறினார். ஒஃபேலியா தலையை நேராக்கினார். எண் ஏறியது. எவாரிஸ்தோ எண்ணிலிருந்து கண்ணெடுக்காமல் மறுபடி பலூனை ஊதினார். வால்வு திறந்தது.

மைலின் விழித்ததும், "சீஸ் வச்ச வாழைக்கா உருண்டை வேணும். பெரிசா" என்றாள். இதைவிட நல்ல எண் எந்தத் திரையில் வரும்?

வெளியே அவள் அம்மா அழுதபடி எவாரிஸ்தோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் என் கைராசி..." என்று தொடங்கியவர், பின்னால் ஒஃபேலியா கனைத்ததும், "மெஷினும் நல்ல மெஷின்தாம்மா" என்று முடித்தார். நெற்றியில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

சிரிக்கிறீர்களா? நேற்று எடை மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்து முறைத்து, இறங்கி, அதை வேறு மூலைக்கு நகர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியது யார்? எவாரிஸ்தோவுக்காவது ஒஃபேலியா இருந்தார். உங்கள் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்ட யார் இருக்கிறார்கள்?