பட்டை, கிராம்பு போட்ட சோப்பு

வேலையை விடுவதில் தப்பே இல்லை. விடும்போது வாயை மூடிக்கொண்டு விட வேண்டும். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

திருவொற்றியூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு, கறை பார்த்து 'பாஸ்', 'ரிஜெக்ட்' போடும் செக்கிங் செக்‌ஷனில் எட்டு வருஷம் இருந்தேன். கடைசி நாளில் சூப்பர்வைசரிடம், "இனிமே இந்த கேட்டுக்குள்ள சோப்பு சப்ளை பண்ணத்தான் சார் வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். (அன்றைக்கு என் கையில் ஒரு சோப்புகூடக் கிடையாது. ஒரு வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.)

மாட்டுக் கொழுப்பில் சோப்பு. எங்கள் புளியந்தோப்புக் கறிக்கடைகளில் கூடை கூடையாக ஒதுக்கிப் போடுகிற கொழுப்பை, உலகமே 'நேச்சுரல்' என்று முகத்தில் பூசிக்கொள்கிறதாம். இது தெரியாமல் எட்டு வருஷம் பிசிறு வெட்டியிருக்கிறோமே என்று வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரர் ஆனந்தன், ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவர், தடுக்கவில்லை. கெடு மட்டும் வைத்தார்.

"ரெண்டு மாசம் டைம். ஒரு ஆளாவது வாங்கணும். இல்லன்னா பழையபடி கம்பெனிக்குப் போற, இன்னா?"

"செத்தாலும் போமாட்டேன்."

"சாவுறதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு மாசம்?" என்றார்.

முதல் தடவை கொழுப்பை உருக்கியபோது கவுச்சி வாடை மூன்று மாடி ஏறி, இறங்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். கறிக்கடை பாயிடம் ஓடினேன். சோப்பு என்று அவரிடம் சொல்லவில்லை. (தொழில் ரகசியமாம். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்தவள், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன்.)

"பாய், கொழுப்பு உருக்குனா கவுச்சி அடிக்குது. இன்னா பண்றது?"

"இதுக்கா பேஜாராவுற? இஞ்சி தட்டிப் போடு, பட்டை, கிராம்பு, ஒரு கை புதினா. எங்கூட்ல அப்டித்தான்மா உருக்குவோம்."

போட்டேன். பாய் சொன்னதற்கு மேலேயே போட்டேன். வடிகட்டி, காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றிக் கிளறி, அச்சில் வார்த்து, அலமாரியில் காய வைத்தேன். ஆனந்தன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "வூடே கமகமன்னு கீதே" என்பார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்கக் கொழுப்போடு கிடந்ததில் என் மூக்கு என்றைக்கோ செத்துப் போயிருந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பியூட்டி பார்லர் மேடம் செய்கிற இடத்தையே பார்க்க வந்தார். கலங்காமல் சொன்னேன், "மாட்டுக் கொழுப்புதான் மேடம். ஒளிக்க மாட்டேன்."

"தெரியும்மா. கஸ்டமருங்களே இப்ப அதைத்தான் கேக்கறாங்க. முகம் கழுவிப் பாக்கட்டுமா?"

நானே வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன். அதுவரை காய்ந்து கிடந்த சோப்பு வெந்நீர் பட்டதும் எழுந்துகொண்டது. மேடம் முகமெல்லாம் நுரையோடு, கண்ணை மூடியபடி கேட்டார்.

"சமையல் ஆவுதா?"

"இல்ல மேடம், இன்னும் அடுப்பே பத்த வைக்கல."

அவர் தன் கையை முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். செத்த மூக்குக்கும் உயிர் வந்தது. கல்யாண மண்டபத்தில் தம் உடைத்த வாசனை, அப்பட்டமான பிரியாணி. மேடம் நல்ல மனுஷி. "யோசிச்சு சொல்றேம்மா" என்று இறங்கினார். கீழே படுத்திருந்த செவலை நாய் எழுந்து வந்து, அவர் கையை மரியாதையாக நக்கியது. அவர் ஆட்டோவில் ஏறியும் விடாமல் மெயின் ரோடு வரை பின்னாலேயே ஓடியது.

சோப்புக் கூடையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் முகம்தான் கண் முன்னால் நின்றது. 'எங்கம்மா சோப்பு?' என்று கேட்பான். அழுகை வந்தது, அழுதேன்.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்த என் நாத்தனார் ராணி மீன் கூடையை இறக்கினாள்.

"இன்னாடி, எழவு வூடு மாதிரி குந்திகினு கீற?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் கூடையிலிருந்து ஒரு சோப்பை எடுத்துக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"மீன் வாடையே காணோம்டி."

"பிரியாணி வாடை வருதே அண்ணி."

"வரட்டுமே. பஸ்ல ஏறுனா மூக்கப் பொத்திகினு தள்ளி குந்துறாளுங்க. இனிமே எந்தக் கல்யாணத்துலர்ந்து வரேன்னு கேக்கட்டும்."

கெடு முடிந்த திங்கட்கிழமை காலையில், பழையபடி ஏற வேண்டிய கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ராணியோடு காசிமேட்டுக்குப் போனேன். மீன் விற்கும் பெண்கள் என் சோப்புக் கூடையைக் காலி செய்துதான் அனுப்பினார்கள்.

அப்புறம் கொழுப்பை உப்புத் தண்ணீரில் மூன்று தடவை கொதிக்க வைத்து ஆற வைத்தால் கவுச்சி தானாகப் போய்விடும் என்று கற்றுக்கொண்டேன். வாசனையே இல்லாத சோப்பும் இப்போது செய்கிறேன். காசிமேட்டில் அதைத் தொட மாட்டார்கள், பட்டை, கிராம்பு போட்டதுதான் வேண்டும். கம்பெனி கேட்டுக்குள் மட்டும் இன்னும் போகவில்லை. போவேன்.

எங்கள் வீட்டில் பிரியாணி தம் உடைத்தால் இன்றைக்கும் ஆனந்தன், "யாரு குளிக்கறது?" என்பார். அந்தச் செவலை நாய்க்கு அவர் வைத்த பெயர் 'செக்கிங்'. ஒவ்வொரு தடவை நான் புதுச் சோப்பு செய்ததும் ஒரு துண்டைக் கீழ்ப்படியில் வைப்பார். காசிமேட்டுச் சரக்கு என்றால் அது வாலாட்டிக்கொண்டு வர வேண்டும். மற்றது என்றால் திரும்பியே பார்க்கக் கூடாது. போன வாரம் வாசனையில்லாத சோப்பைப் போய் முகர்ந்தது. "ரிஜெக்ட்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் மொத்தத்தையும் திரும்ப உருக்கினேன். எட்டு வருஷ சர்வீஸில் நான்கூட அவ்வளவு கறாராக இருந்ததில்லை.