அண்ணன் சட்டையும் மலைக்கோயில் பஸ்ஸும்

ஒரு ஊரைக் கண்ணால் பார்க்காமலே அது தனக்கு அத்துப்படி என்று சொல்கிறவர்கள் பின்னால் யாரும் நடந்து போகக் கூடாது. எங்கம்மா என் பின்னால் நடந்தாள். பாவம், அவளுக்கு மிச்சமிருந்த பிள்ளை நான் ஒருத்திதான்.

எனக்கு ஓசூரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எங்கண்ணன் மாதேஷ் போனில் சொன்னதுதான். அவன் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சாயங்காலமானால் சிங்காரப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் போடுவான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள்.

"மலைக்கோயிலுக்குப் போயி கும்புட்டுட்டுத்தாம்மா டெய்லி ஷிப்டுக்குப் போறேன். எங்க கம்பெனி ஆளுங்க எல்லாருமே அப்பிடித்தான்" என்பான். ஏரிக்கரையில் வாக்கிங் போனேன் என்பான். பூ மார்க்கெட்டில் ரோஜாப்பூ குப்பை மாதிரிக் குவிந்து கிடக்குது என்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மனசுக்குள் மேப் போட்டு வைத்துக்கொண்டேன். (அந்த மேப்பில் கோயில், ஏரி, பூ எல்லாம் இருந்தது. கம்பெனி மட்டும் இல்லை.)

போன வருஷம் லீவில் ஊருக்கு வரும்போது ஹைவேயில் லாரி இடித்துச் செத்துப்போனான். இதை நல்ல வார்த்தையில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். நல்ல வார்த்தை தெரிந்திருந்தாலும் அவன் செத்தது செத்ததுதான்.

கார்த்திகை மாசம் அவன் ரூமில் கிடந்த சாமான்களை எடுத்துவர அம்மாவும் நானும் ஓசூர் போனோம். அப்பா மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டார். அம்மா கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம்புள்ள தெனம் நின்னு கும்புட்ட எடத்துல நானும் ஒருவாட்டி நிக்கணும். நிக்க வெச்சிடு, பாப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

"அதென்னா பெரிய வேலை? ஓசூர் பூரா சுத்திக் காட்டுறேன், வா" என்றேன். என் வாயில் அப்போதே மண் விழுந்திருக்கலாம்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். அம்மா மஞ்சப்பையில் தேங்காய், வாழைப்பழம், வெத்தலை, குங்குமம், கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே கால் வைத்தால் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. ஓசூர் குளிர் என்று அண்ணன் சொன்னபோது, "ரொம்ப பீத்திக்காத" என்று நான் சிரித்திருக்கிறேன். திரும்ப ரூமுக்குள் ஓடி, அவன் கம்பெனிச் சட்டையை எடுத்து சுடிதார் மேல் மாட்டிக்கொண்டேன். முழங்கால் வரை தொங்கியது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசி பட்டனை மட்டும் போட்டுவிட்டாள்.

மெயின் ரோட்டுக்கு வந்து நின்றதும் ஒரு பெரிய பஸ் வந்தது. நான் கையே காட்டவில்லை. அதுவாக எங்கள் முன்னால் வந்து நின்றது.

"பாத்தியா, ஓசூர்ல பஸ்ஸுக்காரங்களுக்கு எவ்ளோ மரியாதைன்னு!" என்று அம்மாவிடம் பெருமையடித்துவிட்டு, டிரைவரிடம், "அண்ணா, மலைக்கோயில் போவுமா?" என்றேன்.

அவர் காதில் பாட்டுதான் விழுந்துகொண்டிருந்தது. "ஏறும்மா, ஏறு. பேகா, பேகா! டைம் ஆச்சு" என்று கன்னடமும் தமிழுமாய் விரட்டினார்.

ஏறினோம். ஜன்னலுக்குத் திரை. சாய்ந்தால் தலை அமுங்கும் சீட்டு. கண்டக்டரைக் காணோம். டிக்கெட்டும் யாரும் கேட்கவில்லை.

"டிக்கெட்டு எடுக்கலியாடி?" என்றாள் அம்மா.

"லேடீஸ்க்கு ப்ரீ இல்லியா? டவுன் பஸ்ஸும்மா இது" என்றேன். (திரை போட்ட டவுன் பஸ்ஸைத் தமிழ்நாட்டில் எவளாவது பார்த்திருக்கிறாளா? நான் பார்த்தேன்.)

பஸ் முழுக்க ஆணும் பெண்ணும், எல்லாரும் அண்ணன் போட்ட அதே சட்டையில் இருந்தார்கள். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். புத்தியுள்ள எவளுக்கும் அந்த இடத்தில் மணி அடித்திருக்கும். எனக்கு வேறு மாதிரி அடித்தது.

"உங்கண்ணன் சட்டை மாதிரியே இருக்குதேடி, எல்லாம்" என்றாள் அம்மா.

"அண்ணன்தான் சொல்லுச்சே! கம்பெனி ஆளுங்க எல்லாரும் சாமி கும்புட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாங்கன்னு. இவங்கதாம்மா அவங்க."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முன்சீட்டில் தூங்கும் பெண்ணை உற்றுப் பார்த்து, "பாவம், ராத்திரி பூரா வெரதம் போல. கண்ணு உள்ள போயிடுச்சு" என்றாள்.

அப்புறம் நான் ஊரைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டி, "கோபுரம் தெரியுது பாரு" என்றேன். சரியாக அந்த நேரம் பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. தூங்கியவர்கள் எல்லாரும் முழித்து, நாங்கள் பார்க்காத பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனார்கள். இவர்களுக்கு என்ன ஆச்சு என்று நினைத்தேனே தவிர, அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நான் கைடு அல்லவா, மண்டபத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பஸ் மேலே ஏற ஆரம்பித்தது.

"மல ஏறுறோம்மா, கெட்டியாப் புடிச்சிக்கோ!"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பஸ் இறங்கியது.

"என்னாடி, எறங்குது?"

"அந்தப் பக்கமாப் போயி ஏறும்மா. பெரிய மல."

(அது மேம்பாலம்.)

பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் போய் நின்றது. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். முன்னால் போனவர்கள் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். போனைக் கொடுத்து டோக்கன் வாங்கினார்கள். ஒரு கதவு மாதிரி சட்டத்துக்குள் நுழைந்தபோது அது பீப் பீப் என்றது. பெரிய கோயிலில் எல்லாம் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் செருப்பைக் கழற்றியதுமே பக்தி வந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஒரு சூப்பர்வைசர் பெண் வேகமாக வந்து, "கான்ட்ராக்ட்ல புதுசா வந்தவங்களா? சீக்கிரம் போட்டுக்கோங்க" என்று அம்மா கையில் நீலக்கலர் வலைத்தொப்பி ஒன்றைத் திணித்துவிட்டுப் போனாள்.

அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் மாட்டினாள். "மொட்ட போட முடியாதவங்களுக்கு இதக் குடுப்பாங்க போலடி" என்றாள்.

அடுத்தது பை சோதனை. செக்யூரிட்டி மஞ்சப்பைக்குள் கையை விட்டார். தேங்காய் வந்தது. பழம் வந்தது. கற்பூரம் வந்தது. அவர் முகம் மாறியது. தீப்பெட்டி வந்ததும் விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

"ஏம்மா! உள்ள பூரா கெமிக்கலு. தீப்பெட்டியோட வர்றியே, கம்பெனியக் கொளுத்திட்டுப் போலாம்னா?"

அம்மா பயப்படவே இல்லை. "நாங்க ஏத்தக் கூடாதுன்னா வேணாம், சாமி. அய்யரக் கூப்புடுங்க, அவுரு கையால ஏத்தட்டும்."

"எந்த அய்யரு? எங்க ஏத்த?"

"இந்தச் சாமிக்குத்தான்" என்று அம்மா எதிரே இருந்த கட்டடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நானும் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் கம்பெனி பேர். அதே பேர் என் சட்டைப் பாக்கெட்டிலும் இருந்தது. பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

செக்யூரிட்டி என் பக்கம் திரும்பினார். "ஐடி கார்டு எங்க? இது யாரு சட்ட?"

"எங்கண்ணனோடது."

"ஓகோ, சட்டைய வாடகைக்கு விட்டுட்டாரா? வரச் சொல்லு அவர."

பின்னால் வரிசை நிற்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். தொப்பி போட்ட அம்மாதான் சொன்னாள்.

"வர மாட்டான்ப்பா. எறந்துட்டான். மாதேஷுன்னு பேரு."

அவர் விசிலைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு எங்களை ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்தார். கோபத்தை வேறு யார் மேலாவது காட்ட வேண்டுமே, பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"யாரக் கேட்டு இவங்கள ஏத்துன?"

"யூனிபாரம் நின்னா நிறுத்துவேன். ஜாதகமா பாப்பாங்க?" என்றார் டிரைவர். அப்புறம் விஷயம் தெரிந்ததும் எங்கள் முன்னால் வந்து நின்றார். "நம்ம மாதேஷாம்மா? கடைசிக்கு முன்னாடி சீட்டு, ஜன்னலோரம். வேற யாராச்சும் ஒக்காந்தா சண்டைக்கு வந்துடுவான்."

அம்மா அவரையே பார்த்தாள். "தெனம் மலைக்கோயில்ல கும்புட்டுட்டு வருவானாமே, தம்பி? அங்க போலாம்னுதான் கெளம்புனோம்."

"கோயிலா? ஷிப்டுக்கு ஓடி வர்றதே பெரும்பாடு. ஞாயித்துக்கிழமைகூட ஓவர்டைம் பாப்பான். எங்க போ..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அம்மா கேட்டது அந்த ஒரு இடம்தான். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டதே. அப்போ ஏரி? பூ மார்க்கெட்டு? எல்லாம் எங்களுக்காகக் கட்டிவிட்ட கதையா?

டிரைவர் அவசரமாகச் சொன்னார். "கும்புடுவான்மா, கும்புடுவான்! மலைகிட்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்குது. அதுல தூக்கிப் போட்டா எல்லாரும் முழிச்சுக்குவாங்க. கோயிலப் பாத்து ஒரு கும்புடு. ஒடனே தூங்கிருவாங்க. கண்ணாடியில நான் தெனம் பாப்பேன்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதான பாத்தேன்! வீட்டு வெளக்க ஏத்துடான்னா போர்வைய இழுத்து மூடிக்குவான், அவனா தெனம் மல ஏறுனான்? தூக்கிப் போட்டதும் பக்தி வந்துருச்சு, திருட்டுப்பய!"

சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணி கொட்டியது. செக்யூரிட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை. மூக்கை மட்டும் அண்ணன் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே விட முடியாது என்று செக்யூரிட்டி தன்மையாகச் சொன்னார். கம்பெனிக்கு உள்ளே எங்கே நின்று வேலை பார்த்தான் என்று அம்மாவும் கேட்கவில்லை. பஸ்ஸைப் பார்த்து, "இதுல கும்புட்டானில்ல, போதும்" என்றாள்.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி அம்மா அதன் முன்கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தாள். கற்பூரத்தை ஏற்றிச் சுற்றிக் காட்டினாள். டிரைவர் தேங்காயை ரோட்டில் ஓங்கி உடைத்தார். நைட் ஷிப்டு முடிந்து வந்தவர்கள், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்காமல் ஆளுக்கொரு சில்லை வாயில் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

அந்த சீட்டில் உட்கார்ந்திருந்த பையனை டிரைவர் எழுப்பி வேறு இடம் மாற்றினார். அம்மா உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைத் தடவினாள். தலையைச் சாய்த்தாள். மேம்பாலத்துக்கு முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.

இந்த முறை நான் சரியான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை வந்தது, மேலே கோயில் தெரிந்தது. வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. எல்லாரும் முழித்துக் கும்பிட்டார்கள். அம்மா மட்டும் அசையவில்லை, லேசாகக் குறட்டை. எழுப்பத்தான் நினைத்தேன். நீலத்தொப்பியோடு அவள் தூங்குவதைப் பார்த்ததும் கை போகவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே கும்பிட்டேன்.

மலைக்கோயில், ஏரி, பூ மார்க்கெட் ஒன்றையும் பார்க்காமல் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டோம். சொந்தக்காரர்கள் ஓசூரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அம்மா, "எல்லாம் பாத்தோம், நல்ல தரிசனம்" என்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொள்ள ஒரு கம்பெனி பஸ் எங்கள் ரோட்டுக்கே வருகிறது. அது வளைவில் திரும்பினாலே அப்பா, "ஏ, கற்பூரத்த எடு, ஒன் சாமி வருது" என்று கத்துவார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, நெற்றிக்கு நேரே கையைத் தூக்குவாள். தூக்கிய கையைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டுவிட்டு, ஏறுகிறாயா என்று தலையை நீட்டுவார்.

"இன்னிக்கி எனக்கு லீவுப்பா" என்பாள் அம்மா. "நீ போ."