சோபாவில் காணாமல் போன மாப்பிள்ளை

அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள்: டோல்கேட் கைலி மொத்தக் கடை அண்ணாச்சி, அவர் மனைவி, மகள் ஜெபா, ஊரிலிருந்து வந்திருந்த அண்ணாச்சியின் அத்தான், காலடிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் நான், அப்புறம் கிழிசல் என்று பெயரெடுத்த என் சிநேகிதன். ஆக ஆறு பேர். ஆனால் காபித் தட்டோடு வந்த அண்ணாச்சியின் மனைவி ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிளப் பையன் எங்க? அதுக்குள்ள போயிட்டாரா?" என்று கேட்டார். கிழிசல் அவருக்கு நேர் எதிரே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான்.

அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழிசலைப் போல உடுத்தத் தெரிந்த ஆண்பிள்ளை ராயபுரம் பாலத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் இன்னும் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தால் அவனுக்கும் நான்தான் தைக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் என் கவலை.

கவலை என் கூடப் பிறந்தது. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, ஒன்பதாவதில் ஃபெயிலாகிவிடுவோமோ என்ற கவலையில்தான். அப்படிப்பட்டவன் கடைக்கு ஒரு நாள் காலையில் ஒல்லியாக ஒருத்தன் வந்தான். கையில் புத்தம் புது ஜீன்ஸ். விலைச் சீட்டுகூடக் கழற்றவில்லை.

"மாமே, முட்டியாண்ட கிழிச்சுக் குடு."

"இன்னாபா, யாராண்டனா பந்தயம் கட்டிக்கினியா?"

"பந்தயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேரு கிரஞ்சு. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி எங்கியோ ஒரு குளிர் ஊர்ல, கிதார் வாசிக்கிற பசங்க துட்டு இல்லாம பழைய கட்டம் போட்ட சட்டையும் கிழிஞ்ச பேன்ட்டுமா சுத்திகினு இருந்தானுங்க. அத்த அப்டியே போட்டா கலீஜு. அத்தயே க்ளீனா, நீட்டா போட்டா ஷோக்கு. நம்மளுது ஷோக்கு."

கிழிந்ததைத் தைத்துத்தான் எனக்குப் பழக்கம். முழுசாக இருக்கிற துணியில் கத்திரி வைக்கக் கை வரவில்லை. அவனுக்கோ நிபந்தனை வேறு. "கிழிசல் வளரக் கூடாது மாமே. இன்னைக்கி நாலு வெரல்னா எப்பவும் நாலு வெரல்தான்." உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நூலை மட்டும் மிச்சம் வைத்து, உள்பக்கம் கறுப்புத் துணி கொடுத்து, ஓரம் முழுக்க, பட்டன் ஓட்டைக்குப் போடுகிற காஜா தையல் போட்டேன். ஒரு முழுப் பேன்ட் தைப்பதைவிட அந்த ஓட்டைக்கு அதிக நேரம் ஆனது.

வாங்கியவன் உடனே மாட்டிப் பார்க்கவில்லை. ஜீன்ஸைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அது தொழில் வியாதி என்று பிறகு தெரிந்தது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. காலி கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கிருந்தாவது வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஓட்டை என்று எழுத வேண்டும். நாள் பூரா ஓட்டையைக் குற்றம் என்று எழுதிவிட்டு, சாயந்திரம் முட்டியில் ஓட்டையோடு வீட்டுக்குப் போகிறவன் உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கிழிசல் என்ற பெயரை யார்டில்தான் வைத்தார்கள். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான்.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒரு ஆளு மேல ஒண்ணுதான் கிழிஞ்சிருக்கணும் மாமே. ரெண்டு கிழிஞ்சா ஏழை. ஒண்ணு கிழிஞ்சா ஸ்டைலு." முட்டி கிழிந்திருந்தால் மற்றதெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவன் பூட்ஸைப் பார்த்து நீங்கள் மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம். கிழிந்த ஜீன்ஸையும் இஸ்திரிக்குப் போடுவான். எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் ஒரு தடவை வண்டியை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "யோவ் டெய்லரு, பொட்டி மூக்கு ஓட்டைக்குள்ள மாட்டிகிச்சு. துணிய அறுக்கறதா, பொட்டிய அறுக்கறதா?"

மாதா கோயில் வாசலில் ஒரு ஆயா அவன் முட்டியைப் பார்த்து மனசு கேட்காமல் பத்து ரூபாய்க் காசைக் கையில் வைத்துவிட்டுப் போனது. பின்னாலேயே ஓடி, "ஆயா, இது ஸ்டைலு ஆயா" என்று திருப்பிக் கொடுத்தான். "எல்லாம் சரியாப் பூடும், வெச்சுக்கோ நைனா" என்று ஆயா அவன் கன்னத்தைத் தடவியது. காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தான்.

கட்டம் போட்ட சட்டை விஷயம்தான் விபரீதமாகிப்போனது. அந்தக் குளிர் ஊர்க்காரர்கள் போட்டது போலவே கம்பளி மாதிரி தடிமனாக ஒரு சட்டையை எங்கேயோ பிடித்து வாங்கி, எண்ணூரில் சித்திரை மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திறந்தபோது அவித்த மரவள்ளிக்கிழங்காக வெளியே வந்து விழுந்தான். கூட இருந்தவர்கள் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சட்ட சுருங்கிட்ச்சா?"

"கட்டம் வோணும் மாமே, ஆனா கம்பளி வோணாம்" என்று வந்து நின்றான்.

"கட்டம்னா நம்மூர்ல கைலிதான?" என்று நான் சும்மா சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் எதற்குச் சொன்னோம் என்று கவலை வந்துவிட்டது. அவன் அதற்குள் டோல்கேட் போய்விட்டான்.

கைலிச் சட்டை தைப்பது லேசில்லை. கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். பட்டன் பட்டி, தோள், பாக்கெட் எங்கேயும் கோடு உடையக் கூடாது. நான் தைத்துக் கொடுத்த சட்டையில் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று அவனே தடவித்தான் கண்டுபிடிப்பான். ஒன்று போட்டான், அழகாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று டோல்கேட்டுக்கு நடையாக நடந்தான். இவ்வளவு கைலி எதற்கு என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் கைலியில் இல்லை, பில் போடும் ஜெபாவிடம் இருந்தது. முதல் நாள் அவன் கைலியை விரித்து விளக்குக்கு நேரே பிடித்ததும் ஜெபா கேட்டதாம்: "நீங்க கைலி எடுக்க வந்தீங்களா, கூரை ஒழுகுதான்னு பாக்க வந்தீங்களா?" ஆள் அங்கேயே ஃபிளாட்.

ஜெபா வீட்டில் சொல்லிவிட்டது. அண்ணாச்சி கத்தவில்லை. "பெரியவங்க அப்புறம் வரட்டும். ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் பையன மொதல்ல வரச் சொல்லு. ஆளப் பாக்கேன்" என்றார். துணைக்கு ஒருத்தன் வேண்டும் என்று கிழிசல் என்னை இழுத்தான்.

நான் ராத்திரியெல்லாம் தூங்காமல் ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தேன். அவன் அதைத் தொடவே இல்லை.

"இன்னைக்கி வெள்ள சட்டையில போயி பொண்ண வாங்கிகினு, நாளைக்கி கிழிஞ்சத மாட்டிகினு நின்னா அது சீட்டிங் மாமே. என்னிய பாத்துட்டு குடுக்கறதுன்னா குடுக்கட்டும். ஜெபாவே ஒரு பீஸ் குடுத்து அனுப்ச்சிகீது. இத்ததான் போட்டுகினு வரணுமாம். சீக்கிரம் தெச்சுக் குடு."

பிரித்தேன். கடுகு மஞ்சளில் கறுப்பும் பாசிப் பச்சையும் கலந்த பெரிய பெரிய கட்டம். ஆட்டோவும் குப்பை லாரியும் மோதிக்கொண்ட மாதிரி ஒரு நிறம்.

"இத்த மன்சன் இடுப்புல கட்டுவானா?"

"ஒருத்தனும் கட்ட மாட்றானாம் மாமே. அதான் இத்தயே போடச் சொல்லிகீது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தைத்துக் கொடுத்தேன். அவன் பக்கத்தில் நிற்க ஒருத்தனாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று, கல்யாணத்துக்கு எடுத்த என் பழைய பேன்டை வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு மேல் மாடியில் அண்ணாச்சி வீடு. கதவைத் திறந்தவர் இடுப்பில் ஆட்டோவும் குப்பை லாரியும் மோதிக்கொண்டிருந்தன. அதே கைலி! அவருக்குப் பின்னால் தொங்கிய திரையும் அதே கட்டம். ஃபிரிட்ஜுக்கு மேல் விரித்தது, டிவியை மூடியது, தலையணை உறை, எல்லாம் அதே. ஆசைப்பட்டு மொத்தமாக வாங்கி, எவனும் திரும்பிப் பார்க்காத சரக்கு. வியாபாரிக்குச் சரக்கைத் தூக்கிப் போட மனசு வராது. வீடு முழுக்கக் கட்டிவிட்டார்.

"வாங்க, இரிங்க" என்றார். கிழிசல் போய் சோபாவில் உட்கார்ந்தான். சோபாவுக்கும் அதே துணிதான். அவ்வளவுதான், ஆளைக் காணோம். மேலே ஒரு தலை, கீழே ஒரு முட்டி, நடுவில் சோபா. அண்ணாச்சி மனைவியைக் குறை சொல்லி என்ன பயன்?

"இங்கதான் கீறேங்க" என்றது தலை.

அண்ணாச்சி பேச்சைத் தொடங்குவதற்குள் அத்தான் தொடங்கிவிட்டார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. குறை சொல்வதற்கென்றே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் போலிருந்தார்.

"என்ன தம்பி, வார வழியில விழுந்துட்டியளோ? முட்டி கிழிஞ்சு கெடக்கே."

"இல்ல பெரியவரே, காசு குடுத்து கிழிச்சது."

"காசு குடுத்தா? எந்தக் கிறுக்கன் கிழிச்சான்?"

"இதோ, நம்ம டெய்லர்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"முட்டி போனாப் போவட்டும். மேல போட்டிருக்கது என்ன? கைலி! பொண்ணு கேட்டு வாரவன் கைலியில சட்டை தச்சுப் போட்டுட்டு வாரான். அதுவும் என்ன கலருவே இது! ஊசிப்போன சாம்பார் மாதிரி. இதையெல்லாம் ஒருத்தன் துணின்னு விக்கானே, அவனச் சொல்லணும்!"

அண்ணாச்சி குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டார். ஜெபா சமையலறை வாசலில் நின்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நொடியில்தான் எனக்கு அந்தப் பெண்ணின் கணக்கு புரிந்தது. அண்ணாச்சிக்குப் பையன் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் தன் கடைச் சரக்கை ஒருத்தர் குறை சொல்ல, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வியாபாரி டோல்கேட்டில் இல்லை.

"அத்தான்" என்றார் அண்ணாச்சி. "பையன என்னவும் சொல்லுங்க. துணியச் சொல்லாதிய."

"இல்லவே, நான் என்ன சொல்லுதேன்னா..."

"சாயம் போவாது. எத்தன தண்ணி பாத்தாலும் சுருங்காது. போடத் தெரிஞ்சவன் போட்டா எப்படி இருக்குன்னு பாருங்க. தம்பி, எந்திரிச்சு நில்லும்."

கிழிசல் எழுந்தான். சோபாவிலிருந்து ஒரு துண்டு பிரிந்து வந்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோளைத் தடவினார், காலரைத் தூக்கினார், பாக்கெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். "ஒரு கட்டமாவது ஒடஞ்சிருக்கா பாருங்க அத்தான்!" என்று அவனையே விற்கிற மாதிரி காட்டினார். கொஞ்ச நேரம் வியாபாரியாக இருந்தவர், பிறகு அப்பாவாகிவிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். கல்யாணத்துக்குப் பொறவு இந்தக் கிழிசலையெல்லாம் விட்டுருவியளா?"

விட்டுவிடுகிறேன் என்று சொல்லித் தொலையேன்டா என்று நான் உள்ளுக்குள் மாதாவிலிருந்து மாரியாத்தா வரை எல்லாரையும் கூப்பிட்டேன். ஜெபா விட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது.

"வுட மாட்டேங்க" என்றான். "வுட்டுடறேன்னு இன்னைக்கி சொல்லிட்டு நாளைக்கி போட்டா உங்களாண்ட பொய் சொன்னா மாதிரி ஆயிடும். ஆனா ஒண்ணு, இது வளராது. இப்ப எவ்ளோ கீதோ எப்பவும் அவ்ளோதான். அதுக்கு நான் கேரன்டி."

அண்ணாச்சி மெதுவாகக் குனிந்தார். அவன் முட்டி ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, துணிக் கடைக்காரர் இழுக்கிற இழுப்பு ஒன்று இழுத்தார். என் உயிர் அந்த நூலில் தொங்கியது. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். காஜா அசையவில்லை.

நிமிர்ந்தார். "ஏட்டி ஜெபா, காப்பி ஆறுது பாரு. எடுத்துக் குடு" என்றார். பிறகு கிழிசல் பக்கம் திரும்பி, "சீனி போதுமான்னு பாருங்க மாப்பிள" என்றார்.

நான் சந்தோஷத்தில் கும்பிடுவதற்காகத் துள்ளி எழுந்தேன். டர்ர்ர்ர்!

அன்று அந்த வீட்டில் கிழிந்தது என் பேன்ட் ஒன்றுதான். இடத்தை நான் சொல்ல வேண்டாம்.

அத்தான் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "டெய்லரே, இதுவும் காசு குடுத்துக் கிழிச்சதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிழிசல் மட்டும் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் பின்னால் குனிந்து கன்டெய்னரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "ஒண்ணும் பேஜார் இல்ல மாமே. துணி நல்லாகீது. தையல்தான் வுட்டுட்ச்சு" என்றான். சட்டென்று என் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டு, ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி, அண்ணாச்சி மனைவியின் கண்ணில் படாமல் என்னை அறைக்குள் நடத்திக்கொண்டு போனான். அண்ணாச்சி ஒரு புதுக் கைலி கொடுத்தார். எந்தக் கட்டம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதைக் கட்டிக்கொண்டு நானும் சோபாவில் காணாமல் போனேன்.

கல்யாணப் பத்திரிகையில் யாரோ ஒருவர் பெயர் அச்சாகியிருந்தது. கிழிசலுக்கு அப்படியொரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ரிசப்ஷனுக்குக் கறுப்புக் கோட்டு, கண்ணாடி மாதிரி பூட்ஸ், உள்ளே கடுகுக் கட்டச் சட்டை. முட்டியில் அதே நாலு விரல் கிழிசல். யார்டு பசங்கள் அத்தனை பேரும் அதே கட்டத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேடையில் ஏறினார்கள். போட்டோக்காரர் எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் திண்டாடினார். அண்ணாச்சியின் சரக்கு காலி. அத்தான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "டெய்லரே, எனக்கு ஒரு அரைக்கை தச்சுத் தாரியளா? ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

இப்போது அவனுக்குத் தூத்துக்குடி யார்டில் வேலை. ஜெபாவோடு அங்கே போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். எல்லாக் கணக்கையும் நேர் செய்துவிட்டுத்தான் போனான். அந்தக் கடுகுச் சட்டையின் கூலி மட்டும் அன்றைய அவசரத்தில் விட்டுப்போயிருந்தது.

"மாமே, அந்தத் துட்ட போன்லயே அனுப்பிடறேன். உன் கடையிலதான் ஸ்கேன் பண்ற அட்டை தொங்குதே, படம் எடுத்து அனுப்பு."

"அது ரிப்பேர்ல கீதுபா."

"அட்டை எப்டி மாமே ரிப்பேராவும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நேர்ல வந்து குடு."

அட்டை என் தலைக்கு மேல் நன்றாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவன் வந்து, நான் தைத்ததையெல்லாம் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்காமல், இந்தக் கடையில் எந்தத் துணியும் எனக்கு முழுசாக முடிந்த மாதிரியே இல்லை. பாக்கி நானூற்றைம்பது ரூபாய்.