சந்தன சோப்பு போட்ட ஃபேன் பெல்ட்

கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் உலகத்தில் எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது மைசூர் ஹெப்பாளில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் 'அரை இஞ்ச்'தான். அவருக்குச் சொந்த ஊர் தமிழக எல்லையோரம் கௌதள்ளிப் பக்கம். சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கார் எஞ்சினின் ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்க வேண்டும். கூடினால் வழுக்கும், குறைந்தால் பேரிங் போகும். இதுதான் அவர் வேதம்.

வேதத்தை பெல்ட்டோடு நிறுத்தவும் மாட்டார். விஜயநகரில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியை அழுத்திப் பார்த்து, "லூசுங்க அம்மா" என்று இழுத்துக் கட்டினார். பிரஷர் பார்த்த டாக்டரிடம், "பட்டை ரொம்ப டைட்டுங்க, எனக்கு பேரிங் போயிரும்" என்றாராம்.

என் பழைய காருக்குப் புது பெல்ட் மாட்டியவர் சாவியைத் தரவில்லை.

"புது பெல்ட்டு ஓட ஓட இளகுமுங்க. நாலாம் நாள் கொண்டாங்க, மறுபடி இழுத்து வைக்கோணும். சத்தியமா வர்றேன்னு சொல்லுங்க, சாவி தர்றேன்."

"பெல்ட்டுக்கெல்லாமா சத்தியம்?"

"பெல்ட்டுக்குத்தானுங்க."

சத்தியம் செய்தேன். போகவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

ஆறாம் நாள் வண்டி கீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. ஒரு மாதம் தங்க வந்திருந்த சம்பந்தியை மறுநாள் சாமுண்டி மலைக்கு அழைத்துப் போக வேண்டும். குளிக்கிற சந்தன சோப்பை எடுத்துப்போய் பெல்ட்டின் உள்பக்கம் தேய்த்தேன். சத்தம் நின்றது. எனக்குள் ஒரு எஞ்சினியர் பிறந்தார்.

பாதி மலையில் அந்த எஞ்சினியர் காலமானார். பெல்ட் வழுக்கி, தண்ணீர் பம்ப் சுற்றாமல், பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. சம்பந்தி என்னைப் பார்த்தார். என் வாய் சொன்னது: "எல்லாம் அந்த அரை இஞ்ச் செஞ்ச வேலை!"

சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று பூங்காவில் நடக்க வரும் நண்பர்களிடமும் அதையே சொன்னேன். ஒரே வாரத்தில் விஜயநகர் வண்டிகள் அவர் ஷெட்டுக்குப் போவது நின்றுபோனது.

ஸ்பானரோடு அவரே வந்துவிட்டார். "என் பேரு போச்சுங்க. தப்பு எங்கேன்னு பார்க்காம நகர மாட்டேன்."

நானும் சம்பந்தியும் பக்கத்தில் நின்றோம். பெல்ட்டைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மனைவியிடம் கேட்டார்.

"அம்மா, வீட்ல குளிக்க என்ன சோப்புங்க?"

"சந்தன சோப்பு. ஏன்ப்பா?"

"நல்ல வாசமுங்க."

என்னை ஒரு முறை பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பெல்ட் ஓடும் சக்கரங்களில் ஒட்டிய சோப்பைத் துடைத்து, வேறு புது பெல்ட் மாட்டி, அழுத்தி, "அரை இஞ்ச்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுப் போனார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்று நாள் அந்த சோப்பைத் தொட முடியவில்லை. நான்காம் நாள் காலை சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னேன். பூங்காவுக்குப் போய் பதினோரு பேரிடம் சொன்னேன். "ஷாம்பு கிடைக்கலையா சார்?" என்றார் ஒருவர். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். அன்று வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: தப்பு என்னுடையது. அவர் வேலையில் குறை இல்லை.

நேராக ஹெப்பாள் போனேன். "அந்த சோப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க. இன்னிக்கு நாலாம் நாள். பானட்டைத் திறங்க."

இப்போது மாதம் தவறாமல் போகிறேன். பெல்ட்டில் ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் அழுத்திப் பார்க்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.