காலிச் சட்டகத்துக்கு ஒரு படகோட்டி

மரியாதைக்குரிய அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இடது முழங்கை நீங்கலாக நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு வாரமாகக் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டதால் தைலம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பொறுப்பில்லாத மனிதர்.

நிற்க. உங்கள் கூடத்துச் சுவரில் குடும்பமே படமாகத் தொங்க, என் பெயர் எழுதிய சட்டகம் மட்டும் மூன்று வருடமாகக் காலியாக இருப்பதும், வருகிறவர்களிடம் "இவதான் எங்க அண்ணன் பொண்ணு" என்று நீங்கள் வெறும் கண்ணாடியைக் காட்டுவதும் எனக்குத் தெரியும். கேமராவைக் கண்டால் என் முகம் பல் பிடுங்கப் போன முகமாகிவிடுகிறது, என்ன செய்ய? அதனால்தானே நம் ஒப்பந்தம்: பயணப் புகைப்பட வகுப்பில் சேர்ந்து நான் எடுக்கும் ஒரு நல்ல படத்தால் சட்டகத்தை நிரப்புவது; முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஸ்டுடியோவுக்கு வந்து மோவாயில் கைவைத்து உட்காருவது.

"சொந்த நாட்டைக் கண்ணைத் திறந்து பாருங்க" என்றார் வாத்தியார். பிறகு நான்கு நாளும் ஒரு கண்ணை மூடச் சொன்னார். முதல் நாள் அருவி. பன்னிரண்டு பேரும் ஒரே பாறையில் நின்றதால் என் அருவி முழுக்க ஒரு வங்கி அதிகாரியின் காது. இரண்டாம் நாள் மலை, ஒரே பனிமூட்டம். "மூட்டம்தான் அழகே" என்றார், வெள்ளைத்தாளை நூற்று நாற்பது முறை படமெடுத்தோம். மூன்றாம் நாள் கோட்டை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பின்னாடி படிக்கட்டு இருக்கிறதென்று மட்டும் சொல்லவில்லை. முழங்கைக் கதை அதுதான் அத்தை, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.

நான்காம் நாள் படகுத்துறை. "வெளியூர்னு தெரிஞ்சா அவங்க முகம் மாறிடும். உள்ளூர்க்காரங்களோட கலந்துடுங்க, கேமராவைப் பையிலயே வெச்சுக்குங்க" என்றார். நானும் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, படியில் உட்கார்ந்து அழுக்கே இல்லாத ஒரு துணியை ஒரு மணிநேரம் துவைத்தேன். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகின் மேல், தலையில் கட்டிய அழுக்குத் துண்டோடு, ஆற்றையே பார்த்தபடி ஒரு கிழவர். "முகமா அது, ஆத்துப்படுகை" என்று வாத்தியார் என் காதில் முணுமுணுத்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, படகு போகுமா?"

வெகுநேரம் யோசித்துவிட்டு, "தண்ணி இருந்தா போகும்" என்றார். வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீ துவைச்சு முடிச்சிட்டியாம்மா?"

நான் மட்டும் சளைத்தவளா? "துவைக்கத் துவைக்க அழுக்குதான்யா" என்றேன். அவரும் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில், பையின் வாய் வழியே நான் எடுத்த படம்தான் இத்துடன் இருப்பது. ஆற்றோடு பிறந்து ஆற்றோடு வாழ்ந்த ஒரு முகம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். சட்டகத்தில் மாட்டிவிடுங்கள், ஸ்டுடியோக்காரரிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உங்கள் முழங்காலுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
சட்டகத்துக்கு வெளியே நிற்கவே விரும்பும்
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாத்தியாரிடமிருந்து தபால் வந்தது. அன்று அவருடைய உதவியாளர் இன்னொரு வகுப்பையும் அதே துறைக்கு அழைத்து வந்திருந்தாராம், அவர்களும் உள்ளூர்க்காரர்களைப் போலக் கலந்திருந்தார்களாம். அந்த வகுப்பின் சிறந்த படத்தை அனுப்பியிருக்கிறார். தலைப்பு: 'துவைக்கத் துவைக்க அழுக்கு'. படத்தில் இருப்பது நான். எடுத்தவர் என் படகோட்டி. பின்பக்கத்தில் அவர் முகவரி: உங்கள் தெருமுனை மருந்துக்கடை. நீங்கள் எத்தனையோ தடவை தைலம் வாங்க அனுப்பியும், கடைக் கம்பிக்குப் பின்னால் குனிந்த வழுக்கையைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

கடை இந்நேரம் திறந்திருக்கும். பொறுப்பில்லாதவர் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். படகோட்டியைச் சுவரில் மாட்ட வேண்டாம், மருந்து கொடுக்க வந்தால் பார்த்துவிடுவார். அவர் எடுத்ததையும் உள்ளே வைத்திருக்கிறேன். அதில் நான் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு முகம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது, அத்தை. சட்டகத்தில் அதையே போடுங்கள், ஆணி அடித்த இடத்திலேயே இருக்கட்டும்.