பெண் பார்க்கப் போய் முடி கேட்டவன்

பெண் பார்க்கப் போன வீட்டில் எதையும் கேட்கலாம். படிப்பைக் கேட்கலாம், வேலையைக் கேட்கலாம், பெண்ணுக்குப் பாட வருமா என்றுகூடக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். முடியை மட்டும் கேட்கக்கூடாது. இந்த உலக உண்மையை ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், ஒரு மூன்றாம் மாடிப் பல்கனியில் வைத்துக் கண்டுபிடித்தவன் நான்தான்.

அப்போது நான் பக்கத்து ஹம் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை முடிந்தால் பொம்மை விமானம் கட்டுவேன். (பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 'மாதிரி விமானம்' என்று திருத்துவேன். 'சரி, மாதிரிப் பொம்மை' என்பார் அம்மா.) அதிலும் முதலாம் உலகப் போர்க் காலத்து விமானங்கள்தான் எனக்குப் பைத்தியம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், அவற்றை இழுத்துப் பிடிக்க நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். உண்மையானதைவிட எழுபத்திரண்டு மடங்கு சிறிய விமானத்தில் அந்தக் கம்பி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? தையல் நூல் கட்டினேன், உடுப்புக் காயப்போடும் கொடி போல இருந்தது. மீன் பிடிக்கிற நைலோன் தங்கூசி கட்டினேன், பசை அதைத் தொடவே மாட்டேன் என்றது. கடைசியில் எங்கள் விமானச் சங்கத்து ஜெர்மன்காரர் ஒருவர், மனித முடிதான் சரி என்றார். நீளமாக, நேராக, எண்ணெய் படாததாக இருக்க வேண்டுமாம். என் தலையில் அப்போதே விளைச்சல் குறைவு. அம்மாவின் தலை எண்ணெய் இல்லாமல் இருந்த நாளே கிடையாது.

இந்த நேரத்தில்தான் துளசியின் சம்பந்தம் வந்தது. பெண்ணுக்குச் செயற்கைப் பல் செய்கிற லாபில் வேலை. அம்மாவும் நானும் ரயில் ஏறிப் பீலெஃபெல்ட் போனோம். வழி நெடுக அம்மா ஒரே புத்திமதி.

"அங்க போய்ப் பிளேன் கதை ஒண்டும் எடுத்துப்போடாத. விளையாட்டுப் பிள்ளை எண்டு நினைப்பினம்."

"ஓம் அம்மா."

துளசி தேத்தண்ணியோடு வந்தார். நான் முதலில் பார்த்தது முகத்தையா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை வழக்கு நடக்கிறது. தட்டை வைக்க அவர் குனிந்தபோது பின்னல் முன்னால் விழுந்து, இடுப்பையும் தாண்டித் தொங்கியது. நேர் முடி. எண்ணெய் இல்லை. மனதுக்குள் இரண்டு விமானங்களுக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டேன். முகமும் பிடித்திருந்தது, சத்தியமாக. இந்தச் சம்பந்தம் சரிவந்துவிட வேண்டும் என்று அங்கேயே நேர்த்திக்கடனும் வைத்தேன்.

எங்களைப் பல்கனியில் தனியே பேச விட்டார்கள். பக்கத்துப் பல்லின் நிறம் வரும்வரை ஒவ்வொரு பல்லுக்கும் சின்னத் தூரிகையால் நிறம் பூசுவதைப் பற்றித் துளசி சொன்னார். அதே போன்ற தூரிகைதான் என் மேசையிலும் கிடக்கிறது என்று சொல்ல வாய் துடித்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குத் தடுத்தது. விமானத்தைச் சொல்லாமல் விஷயத்துக்கு வர ஒரு வழியை என் மூளை தேடியது. துரதிர்ஷ்டவசமாக, கண்டும் பிடித்தது.

"உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"உங்கட முடி கொஞ்சம் தருவீங்களோ? வேர் தேவையில்லை, நீளமா இருந்தால் காணும். என்னத்துக்கெண்டு இப்ப சொல்ல ஏலாது."

பின்னால் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு துளசியின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் சனத்திடம் முடி கேட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். முடி, நகம், காலடி மண் என்று கேட்பவன் செய்வினை செய்ய வந்தவன். "பிள்ளை, நீ உள்ள வா" என்று துளசியை இழுத்துக்கொண்டு போனார் அவர். ரோல்ஸும் உள்ளே போய்விட்டது.

பிறகு விசாரணை. துளசியின் அப்பா கேட்டார்: "தம்பி, முடி என்னத்துக்கு?"

சூனியக்காரனைவிட விளையாட்டுப் பிள்ளை மேல் என்று எனக்குப் பட்டது.

"பிளேன் கட்ட, அங்கிள்."

"என்ன பிளேன்?"

"சண்டைப் பிளேன். எழுபத்திரண்டில ஒரு பங்குதான், சின்னன். ஆனா குண்டெல்லாம் இருக்கு." கடைசி வசனம் எனக்கு உதவும் என்று நினைத்து, கேட்காமலே நான் சொன்னது.

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஊரில குண்டு போடுற பிளேன் சத்தம் கேட்டுக் கேட்டுப் பங்கர்க் குழிக்குள்ள கிடந்து, ஏலாமல்தான் தம்பி இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீர் அதை ஆசைப்பட்டுக் கட்டுறீரோ?"

அந்த இடத்தில் உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

திரும்பும்போது அம்மா யன்னலோடு மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார். எங்கள் ரயில் ஹம்முக்கு வர முன்னரே செய்தி கொலோனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "உவன் பெட்டைக்குச் சூனியம் வைக்கப் போனவனாமே?" என்று பெரியம்மா அங்கிருந்து தொலைபேசியில் கேட்டார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வாரமே துளசியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "லாபில என்ர முடியை அளந்து பாத்தனான். எழுபத்திரண்டில ஒண்டுக்கு அதின்ர தடிப்புக் கூட. கம்பி மாதிரி இராது, தண்ணிக் குழாய் மாதிரித்தான் இருக்கும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இப்படி ஒருத்தியை விட்டால் எனக்கு வேறு யார் வாய்ப்பார்? தன் வீட்டில் சண்டை பிடித்துச் சம்மதம் வாங்கியவரும் துளசிதான். கலியாணம் நடந்தது. விமானம் மட்டும் கம்பி இல்லாமல் அலுமாரிக்குள் கிடந்தது. நான் பீலெஃபெல்ட் போகும்போதெல்லாம் மாமி ஆகிவிட்ட துளசியின் அம்மா முதல் வேலையாகக் குளியலறைச் சீப்பை எடுத்து ஒளித்துவைப்பார்.

போன வருடம் எங்கள் மகளுக்கு ஹம் கோயிலில் மொட்டை போட்டோம். பிள்ளை அழுதுகொண்டிருக்க, மாமி நிலத்தையே காவல் காத்தார். "ஒண்டும் விடாமல் கூட்டி அள்ளுங்கோ. தகப்பன் பக்கத்தில நிக்கிறார்" என்றார். ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது துளசியின் அப்பா பக்கத்தில் வந்தார். கடதாசியில் மடித்த எதையோ என் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"குழந்தைப்பிள்ளையின்ர முடி, நல்ல மெல்லிசு. உம்மட பிளேனுக்குக் காணும்." இரண்டடி போனவர் திரும்பினார். "குண்டைக் கழட்டிப்போட்டுக் கட்டும், தம்பி."

கழற்றிவிட்டுத்தான் கட்டினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் துளசி அந்த விமானத்தைக் காட்டி, முதலில் இருந்து முழுக் கதையும் சொல்வார். கேட்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே தங்கள் தலைமுடியை அள்ளி முடிந்துகொள்கிறார்கள்.